புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு!

கார்த்திகை மழை ஓட்டுக்கூரையில் இரைந்துகொண்டிருக்கிறது. தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி நிற்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. முதல் பீரியட் மணி அடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பத்தாம் வகுப்பில் 38 பிள்ளைகள். ஒவ்வொருவர் கையிலும் நேற்றுக் கிழித்த தினக்காலண்டர் தாள். முன்பக்கம் ராகு காலமும் எமகண்டமும். பின்பக்கம் வெறும் வெள்ளை. கணக்கு டீச்சர் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் ஐந்து கேள்விகளை எழுதுகிறார்.

முதல் இரண்டும் நேற்று நடத்திய கூம்பிலிருந்து. மூன்றாவது, போன வாரம் முடித்த முக்கோணவியல்: டேன் ஸ்கொயர் தீட்டாவோடு ஒன்றைக் கூட்டினால் என்ன? நான்காவது, ஜூலையில் நடத்திய கூட்டுத் தொடர்வரிசை: 3, 7, 11 என்று போகிற வரிசையில் 20-வது உறுப்பு எது? ஐந்தாவது கேள்வி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இல்லை. இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு, ஒன்பதாம் வகுப்புப் பாடம்.

ஆறு நிமிடம். மழைச் சத்தமும் பேனா சத்தமும்தான். மூன்றாம் பெஞ்சில் ஒரு பையன் நெற்றியைத் தேய்த்துக்கொள்கிறான். நான்காவது கேள்வியை எழுதுகிறான், அடிக்கிறான், மறுபடி எழுதுகிறான். 79. பிறகு பக்கத்துப் பிள்ளையோடு தாளை மாற்றிக்கொள்கிறார்கள். டீச்சர் பலகையில் விடைகளைப் போடுகிறார். “நாலாவது யாருக்கெல்லாம் தப்பு?” என்று கேட்டதும் பதினாறு கைகள் தயங்காமல் உயர்கின்றன. டீச்சர் அதட்டவில்லை, அந்தக் கணக்கை இரண்டே நிமிடத்தில் போட்டுக் காட்டுகிறார். மார்க் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. தாளை அவரவர் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டதும் அன்றைய பாடம் தொடங்குகிறது.

“இதுக்கு ஏதாவது பேர் உண்டா டீச்சர்?” என்று கேட்டேன்.

“பேரெல்லாம் ஒண்ணும் இல்ல சார். காலண்டர் கணக்குன்னு பிள்ளைகளே சொல்லிக்கிடுதுக. நாலு வருஷமா நடக்கு. முன்னாடி ஜனவரி வந்தா எனக்கு வயித்தக் கலக்கும். ஜூன்ல நடத்துனத கேட்டா, ‘இத எப்ப டீச்சர் நடத்துனீக?’ன்னு கேக்கும் பிள்ளைக. இப்ப அந்தக் கேள்வி வரதில்ல.”

பொதுத்தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது எப்படி என்று எழுதத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன். ஜனவரியில் வந்திருக்க வேண்டும் என்றுதான் பலரும் சொன்னார்கள். நவம்பர் மாதத்தின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் அது நடந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

ஜனவரியில் தொடங்கும் ஓட்டம்

நம் பள்ளிகளின் பத்தாம் வகுப்பு நாள்காட்டி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜூனில் தொடங்கி டிசம்பருக்குள் ‘போர்ஷன்’ முடிய வேண்டும். காலாண்டு, அரையாண்டு. ஜனவரி பிறந்ததும் முதல் திருப்புதல் தேர்வு, இரண்டாம் திருப்புதல் தேர்வு, காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், நடுவில் சுண்டல், மார்ச் வரைக்கும் மூச்சுவிட நேரமில்லாத ஓட்டம். ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள். கிராமத்துப் பள்ளிகளில் இருட்டிய பிறகு பிள்ளைகளைத் தெரு முனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வீடு திரும்பும் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். பலனும் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2024-ல் 91.55 சதவீதம், 2025-ல் 93.80 சதவீதம்.

அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி, ஏற்கெனவே நடத்திய பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்துவதற்கே போகிறது. ஜூனில் புரிந்தது ஜனவரியில் இல்லை. இடையில் ஏழு மாதம் யாரும் அதைத் தொடவில்லை. பிள்ளை மக்கு என்பதால் மறந்துபோகவில்லை. தொடாத எதையும் மறப்பது மனித மூளையின் இயல்பு. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-லேயே நூலாக வெளியிட்டுவிட்டார். முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகமாக நடக்கிறது என்பது அவர் கண்டது. அதே அசைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் மறதி மெதுவாகிறது என்பதையும் அவரே கண்டார்.

அப்படியானால் திருப்புதலை ஆண்டின் கடைசியில் குவித்து வைப்பதைவிட, ஆண்டு முழுக்கத் தூவி விடுவதுதானே முறை?

நிறைந்த நோட்டு

அந்தப் பள்ளிக்குப் போவதற்கு முன் வேறொரு ஊரில், ஒரு மாணவியின் அறிவியல் நோட்டைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. அழகான கையெழுத்து. கேள்வி சிவப்பில், பதில் நீலத்தில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆசிரியரின் கையொப்பமும் தேதியும். இரத்தக் குழாய்கள் பற்றிய பதிலில் இப்படி ஒரு வரி இருந்தது: “தமனிகள் உடலின் பிற பகுதிகளிலிருந்து இரத்தத்தை இதயத்திற்குக் கொண்டு வருகின்றன.”

அது சிரையின் வேலை. கரும்பலகையில் தமனிக்கு ஒரு வரி, அதன் கீழே சிரைக்கு ஒரு வரி இருந்திருக்கும். பார்த்து எழுதும்போது கண் ஒரு வரி தாவியிருக்கிறது. முதல் வரியின் தலையும் இரண்டாம் வரியின் உடலும் ஒட்டிக்கொண்டுவிட்டன. பக்கத்தில் பெரிய சிவப்பு டிக்.

பிள்ளையையும் குறை சொல்ல முடியாது, ஒரே நாளில் 120 நோட்டு திருத்துகிற ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வரியை எழுதும்போது அவள் கை மட்டும்தான் வேலை செய்தது என்பதை அந்த டிக் மறைத்துவிட்டது. ஆண்டு முழுக்க நம் வகுப்பறைகளில் நடக்கும் எழுத்து வேலையில் பெரும்பங்கு இதுதான்: பலகையிலிருந்து நோட்டுக்கு, கைடிலிருந்து நோட்டுக்கு. மார்ச் மாதம் தேர்வறையில் உட்காரும்போது பலகையும் இல்லை, கைடும் இல்லை. மனத்திலிருந்து தாளுக்கு எழுத வேண்டும். பத்து மாதமாகப் பழகாத ஒன்றைப் பிள்ளை அன்றைக்கு முதன்முதலாகச் செய்கிறது.

நான் பத்தாம் வகுப்பு எழுதிய நாளும் இப்படித்தான். சமூக அறிவியல் நோட்ஸைப் பதினோரு முறை வாசித்திருந்தேன். வினாத்தாளைப் பார்த்ததும், அந்தப் பதில் நோட்டில் இடதுபக்க மூலையில் இருக்கிறது, அதன் மேலே ஒரு மைக்கறை உண்டு என்பதுவரை ஞாபகம் வந்தது. பதில் வரவில்லை. படித்தது எல்லாம் எங்கே போயிற்று என்று வெகுகாலம் எனக்குப் புரியவில்லை.

புரியவைத்தது ஓர் ஆராய்ச்சி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் நடத்தி 2006-ல் வெளியிட்டது. சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சிறு பத்திகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு பத்தியை நான்கு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு தடவை வாசித்தது. மற்ற மூன்று தடவையும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஞாபகம் இருப்பதை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது நான்கு தடவை வாசித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நிலைமை தலைகீழ். நான்கு தடவை வாசித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்த குழுவினர்தான்.

என் பதினோரு முறை வாசிப்பின் கதை அதில் இருந்தது. வாசிக்க வாசிக்கப் பக்கம் பழகுகிறது. பழகியதைத் தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். மூளைக்குள் இருப்பதை வெளியே இழுத்து எடுக்கும் வேலைதான் அதை உறுதிப்படுத்துகிறது. திணறித் திணறி எடுத்தால் இன்னும் நல்லது. மூன்றாம் பெஞ்சுப் பையன் 79-க்காக நெற்றியைத் தேய்த்தானே, அந்த ஒரு நிமிடம் வீண்போகவில்லை.

கூடாரத்துக்கு எவ்வளவு துணி?

அன்று காலண்டர் கணக்கு முடிந்ததும் டீச்சர் பாடநூலில் இல்லாத ஒரு வேலை செய்தார். பலகையில் நான்கு கணக்குகளை எழுதினார். “போடாதீக. எந்தச் சூத்திரம்னு மட்டும் சொல்லுங்க, ஏன்னும் சொல்லுங்க” என்றார்.

அதில் ஒன்று கூடாரக் கணக்கு. கூம்பு வடிவக் கூடாரம், ஆரம் 7 மீட்டர், உயரம் 24 மீட்டர். 4 மீட்டர் அகலமுள்ள கித்தான் துணி எவ்வளவு நீளம் வாங்க வேண்டும்? வகுப்பில் பாதிப்பேர் “கன அளவு!” என்று கத்தினார்கள். ஆரமும் உயரமும் கொடுத்திருக்கிறதே, அப்படியே போட்டால் 1232 என்று சுத்தமாக விடை வருகிறதே!

டீச்சர் மறுக்கவில்லை. தன் குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். “இதுக்குள்ள தண்ணி ரொப்பப் போறேனா, துணி தைக்கப் போறேனா?”

ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள், “துணி டீச்சர். அப்பம் வளைபரப்பு. சாயுயரம் வேணும்.” சாயுயரம் 25, வளைபரப்பு 550 சதுர மீட்டர், நாலால் வகுத்தால் 137.5 மீட்டர் துணி. வகுப்பே தலையாட்டியது.

இந்தத் தவறு ஏன் நடக்கிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பயிற்சி 7.1 முழுக்கப் பரப்புக் கணக்கு, 7.2 முழுக்கக் கன அளவு. பயிற்சிக்குள் இருக்கும்வரை எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே தேவையில்லை; தலைப்பே சொல்லிவிடுகிறது. பிள்ளை இருபது கணக்கு சரியாகப் போடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். தேர்வுத் தாளில் தலைப்பு இல்லை. அங்கே முதல் வேலையே ‘இது எந்த வகை’ என்று கண்டுபிடிப்பதுதான். அதை நாம் பழக்கவே இல்லை. ஃப்ளோரிடாவில் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் டக் ரோரரும் அவருடைய குழுவினரும் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைக் கணக்கைத் தொகுப்பாகப் போட்டவர்கள் ஒரு மாதம் கழித்து வைத்த தேர்வில் 42 சதவீதம் வாங்கினார்கள். பல வகைக் கணக்குகளைக் கலந்து போட்டவர்கள் 74. கணக்குகள் அதேதான். வரிசையைக் கலைத்ததுதான் வித்தியாசம்.

தினமும் நான்கு கணக்கைக் கலந்து எழுத ஒரு சாக்பீஸ் போதும்.

காற்கூறு

இதையெல்லாம் அமெரிக்காவிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் மாணவன் பாடம் கேட்கும் முறை வருகிறது. கேட்டதை மனத்துக்குள் மறுபடி எண்ணிப் பார்ப்பது, உடன் படிப்பவரோடு பழகிப் பேசுவது, கேள்வி கேட்பது, தன்னைக் கேட்டால் விடை சொல்வது என்று வரிசைப்படுத்துகிறார். அத்தோடு ஒரு கணக்கும் சொல்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்குச் செவ்வையாக எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. நம் வகுப்பறைகள் அந்த முதல் கால் பங்கிலேயே நாளெல்லாம் செலவழிக்கின்றன என்பது என் ஆதங்கம்.

உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் தன் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை விவரிக்கிறார். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு வாத்தியார் பூ, பறவை, ஊர் என்று பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை வந்ததும் அவற்றை மறக்காமல் சொல்ல வேண்டும். ஓர் இரவு இடைவெளி, பிறகு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது. காலண்டர் கணக்கின் பாட்டன் அது. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையும் திண்ணைக்குரியதுதான். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் இங்கே பார்த்ததை வைத்து 1797-ல் லண்டனில் ஒரு நூல் வெளியிட, அது ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. திண்ணைப் பள்ளியைப் புகழ்ந்து பாட எனக்கு விருப்பமில்லை. அங்கே பிரம்பும் கோதண்டமும் இருந்தன, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடமில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு பழக்கத்தை.

முன்பே முயன்றோம்

அரசும் இதை யோசிக்காமல் இல்லை. 2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, 100 மதிப்பெண்ணில் 40 வளரறி மதிப்பீட்டுக்கு, 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கு என்று பிரித்தார்கள். வளரறி மதிப்பீடு என்றால் பாடம் நடக்கும்போதே, பிள்ளை எங்கே நிற்கிறது என்று ஆசிரியர் பார்த்துக்கொண்டே போவது. அருமையான எண்ணம். ஆனால் அதற்கும் மார்க் போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று ஆனதும் அதன் உயிர் போய்விட்டது. பிள்ளைக்கு என்ன தெரியவில்லை என்று பார்க்க வேண்டிய இடத்தில், 40-க்கு 38 என்று நிரப்பும் வேலை வந்தது. சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் வாங்கி, அம்மாவும் அக்காவும் ராத்திரி உட்கார்ந்து ஒட்டினார்கள். பருவம் முடிந்தால் அந்தப் புத்தகத்தையே மூட்டை கட்டி வைத்துவிட்டு அடுத்த புத்தகம். முதல் பருவத்தில் படித்ததை மூன்றாம் பருவத்தில் யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகும் மாற்றங்கள் நிறைய. 2017-ல் மாநில ரேங்க் பட்டியல் நிறுத்தப்பட்டது. 2018-லும் 2019-லும் புதிய பாடநூல்கள் வந்தன. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று காட்டும் ‘ப்ளூ பிரிண்ட்’ போனது. 2017-18-ல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு போய்விட்டது. தேர்வு எப்படி இருக்க வேண்டும் என்பதில் இத்தனை கவனம் செலுத்திய நாம், தேர்வுக்கு முந்தைய 200 நாளும் வகுப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதில் அதில் பாதிக் கவனம் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இங்கே ஒரு சந்தேகம் வரும். எங்கள் பள்ளியிலும்தான் தினமும் ஸ்லிப் டெஸ்ட் இருக்கிறதே என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள். இருக்கிறது. நேற்று இந்தக் கேள்விதான் வரும் என்று சொல்லி அனுப்பி, இன்று அதையே கேட்டு, தப்பு விட்டவர்களை வெளியே நிறுத்தி, பத்து முறை இம்போசிஷன் எழுதச் சொல்லி, மார்க்கை டைரியில் ஏற்றிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்வது. அது நேற்று ராத்திரியை மட்டுமே சோதிக்கிறது. ஜூலையைத் தொடுவதில்லை. தண்டனை இருப்பதால், தெரியாததைத் தெரியாது என்று காட்டப் பிள்ளைக்குத் தைரியம் வருவதில்லை. பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கத்தான் தோன்றும். பதினாறு கைகள் தயங்காமல் உயர்ந்ததைப் பார்த்தேனே, அதற்கு ஒரே காரணம் அந்த வகுப்பில் தப்பு விட்டதற்காக எதுவும் நடக்காது என்பதுதான்.

‘போர்ஷன் முடியாதே?’

எல்லா ஆசிரியர்களும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம். தினமும் எட்டு நிமிடம், 200 நாள்: 1600 நிமிடம். 45 நிமிடப் பீரியடாகப் பார்த்தால் 35 பீரியடுக்கு மேல் போகிறது. சின்ன எண்ணிக்கை இல்லை, ஏறக்குறைய ஏழு வாரம். அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

டீச்சரிடமே கேட்டேன்.

“ஆமா சார், எனக்குப் போர்ஷன் டிசம்பர்ல முடியாது. ஜனவரி கடைசி ஆயிரும். மொத வருஷம் ஹெச்.எம். ரொம்பக் கோவப்பட்டாங்க. ஆனா போர்ஷன் முடியும்போது திருப்புதலும் முடிஞ்சிருக்கும். மத்தவங்களுக்கு அப்பதான் ஆரம்பிக்கும்.”

திருத்தும் சுமையும் இல்லை. பிள்ளைகளே திருத்திக்கொள்கிறார்கள். டீச்சர் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்தக் கேள்வியில் அதிகக் கைகள் உயர்ந்தன? அந்தக் கேள்வியின் தம்பி அடுத்த வாரம் பலகையில் வருவான். எமிஸ் எனும் கல்வித் தகவல் தளப் பதிவுகளுக்கும் கணக்கெடுப்புகளுக்கும் நடுவில் நேரத்தைத் தேடிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களிடம் இன்னொரு பதிவேட்டைக் கொடுக்காத முறை என்பதே இதன் பெரிய பலம். இதை நாளைக்கே ஒரு திட்டமாக்கி, பெயர் சூட்டி, செயலியில் மார்க் ஏற்றச் சொல்லிவிட்டால், அடுத்த வாரமே காலண்டர் தாளும் தெர்மாகோலின் வழியில் போய்விடும்.

அறிவியல் ஆசிரியரும் இப்போது இதைத் தன் வழியில் செய்கிறார். குவிலென்ஸில் கதிர்கள் போகும் படத்தை, புத்தகத்தை மூடிவிட்டு வரையச் சொல்கிறார். பிறகு புத்தகத்தைத் திறந்து, விடுபட்ட அம்புக்குறியைப் பிள்ளையே பச்சை மையில் போட வேண்டும். தமிழாசிரியர் மனப்பாடப் பாடலை ஒருவன் தொடங்க, அடுத்த வரியை அடுத்தவன் எழுத வைக்கிறார்.

35-க்குப் பிறகு

‘மெல்லக் கற்கும் மாணவர்கள்’ என்று பள்ளிகள் அழைக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி எல்லாருக்கும் தெரியும். 14 ஒரு மார்க் கேள்விகள். எட்டு மார்க் வடிவியல், எட்டு மார்க் கிராஃப். 14-ம் 16-ம் 30. இன்னும் ஐந்து மார்க் எங்காவது தேற்றினால் 35, பாஸ். அதற்கென்றே ‘மினிமம் மெட்டீரியல்’ என்று மெலிந்த ஒரு ஜெராக்ஸ் கட்டு. பிப்ரவரியில் அந்தப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து, வேறெதுவும் வேண்டாம் இதை மட்டும் படி என்று கையில் கொடுக்கிறோம்.

தேர்ச்சி பெறாமல் படிப்பையே விட்டுவிடும் ஆபத்திலிருந்து அது பல பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதைச் செய்த ஆசிரியர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை 36 வாங்கிப் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, முதல் செமஸ்டர் கணக்கில் பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் நிற்கும்போது, நாம் யாரும் பக்கத்தில் இல்லை. ஐந்தாவது கேள்வியைத் தினமும் கீழ் வகுப்புப் பாடத்திலிருந்து எடுப்பதற்குக் காரணம் அந்தப் பிள்ளைகள்தான் என்றார் டீச்சர். மற்ற நான்கும் வராவிட்டாலும் அது ஒன்று வரும் நாளில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். ஜூனில் சராசரிகூடப் போடத் தெரியாத ஒருவன் இப்போது ஐந்துக்கு மூன்று எழுதுகிறான். அவன் எந்தப் பெஞ்சில் இருக்கிறான் என்று டீச்சர் கண்ணால் காட்டினார். நெற்றியைத் தேய்த்த அதே பையன்.

தேர்வுக்கு உடம்பும் பழக வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பத்து மணிக்கு மணி அடித்தால் வினாத்தாளை வாசிக்க 10 நிமிடம், முகப்புத் தாளைச் சரிபார்க்க 5 நிமிடம், பிறகு 1.15 வரை மூன்று மணி நேரம் விடாமல் எழுத வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் வினாத்தாளை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதைத் தேர்வு செய்வது, எதை விடுவது, 28-வது 42-வது கட்டாய வினாக்களில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கான நேரம் அது. இந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, பேனாவைத் தொடாமல் பத்து நிமிடம் வாசித்து, எதை முதலில் எழுதுவாய் என்று மட்டும் கேட்கிறார்கள்.

பயமும் இந்தத் தினசரிப் பழக்கத்தில்தான் குறைகிறது. 2014-ல் பூஜா அகர்வாலும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கப் பள்ளிகளில் இப்படிச் சிறு சிறு வினாக்களோடு படித்த 1,408 மாணவர்களிடம் கேட்டபோது, 72 சதவீதம் பேர் தேர்வு பற்றிய பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆண்டில் மூன்று முறை மட்டும் வரும் ஒன்று பூதமாகத் தெரியும். காலையில் பல் தேய்ப்பதுபோல் தினமும் வருவதற்கு யார் பயப்படுவார்கள்?

சுற்றிய இலையோடு

மாலையில், சாயுயரம் வேண்டும் என்று சொன்ன பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. வாசல் திண்ணையில் அவளுடைய அம்மா பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வெட்டிய இலை, தூள், நூல். விரல்கள் கண்ணைக் கேட்காமல் தம் போக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. மகள் எதிரில் சம்மணமிட்டு அறிவியல் புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தாள். தினமும் ஒரு பாடத்தை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்பது பள்ளியில் கொடுத்த வேலை.

“எனக்கு எழுத்து தெரியாது சார்,” என்றார் அம்மா. “ஆனா அவ எங்க தடுமாறுதான்னு தெரியும்லா? கொரல் எறங்கும். அப்பம் நிறுத்திப்புடுவேன். புக்கத் தொறந்து பாத்துட்டு மறுபடி சொல்லுட்டீம்பேன்.”

அன்றைக்கு இரத்த ஓட்டம். தமனி இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும், சிரை திரும்பக் கொண்டுவரும் என்று அவள் கைகளால் காட்டிச் சொன்னாள். தமனியில் ஓடுவது ஆக்சிஜன் உள்ள நல்ல இரத்தம், சிரையில் ஓடுவது கெட்ட இரத்தம். கெட்ட இரத்தம் இதயத்துக்கு வந்து, நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகி, மறுபடி இதயத்துக்கு வரும். குரல் எங்கும் இறங்கவில்லை. முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“ஏட்டி, இதயத்துல இருந்து வெளிய போறது எல்லாமே தமனின்னு சொன்ன.”

“ஆமா.”

“அதுல போறது நல்ல ரத்தம்னும் சொன்ன. பின்ன சுத்தம் பண்ணுததுக்கு நுரையீரலுக்குப் போகுதே, அது அழுக்கு ரத்தம்லா? அது எதுல போகுது?”

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். புத்தகத்தைத் திறக்கக் கை போனது. அம்மா தலையை அசைத்ததும் நின்றது. வெகுநேரம் யோசித்தாள். பிறகு பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை அறிவியல் பீரியடில் ஆசிரியர் சாக்பீஸை எடுப்பதற்குள் அவள் எழுந்து நின்றாள். உள்ளங்கையைப் பார்த்து வாசித்தாள். ஆசிரியர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, பலகைப் பக்கம் திரும்பி, அன்றைய முதல் கேள்வியாக அதையே எழுதினார்.